மைதானம் தாண்டாத சக்கரம்

ஜூன் 3, திங்கள்

என் பெயர் ஆவுடையப்பன். வயது அறுபத்தேழு. இதை எழுதியது நானே.

ஜூன் 4, செவ்வாய்

நேற்று எழுதியதைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். படிக்க வந்தது. மூன்று தடவை படித்தேன். உலையில் அரிசி போட மறந்துவிட்டேன். முழங்கால் வலி.

ஜூன் 5, புதன்

இந்த நோட்டு ரெஜினா டீச்சர் கொடுத்தது. புதன், சனி சாயங்காலம் ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. தினம் ஒரு வரியாவது எழுதுங்கள், சனிக்கிழமை நான் பார்க்கிறேன் என்றார். என்ன எழுதுவது என்று கேட்டேன். “கண்ணுல படுறத எழுதுங்க தாத்தா. கடை போர்டு, பஸ் பேரு, வண்டி நம்பர், எதுவானாலும் சரி” என்றார்.

ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

வண்டி நம்பர் எனக்கு லேசு. பகல் முழுக்க வண்டிகளுக்கு நடுவில்தான் இருக்கிறேன். இங்கிலீஷ் எழுத்து இன்னும் வரவில்லை. அதனால் கடைசி நான்கு எண்ணை மட்டும் எழுதுகிறேன். நான் சக்கரம் மாற்றிய வண்டி என்றால் பக்கத்தில் ஒரு சுழி போட்டுக்கொள்கிறேன். இன்று 2291, சுழி. 5560, சுழி. 9003, சுழி இல்லை.

ஜூன் 6, வியாழன்

சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். 8814, சுழி. களைப்பு.

ஜூன் 7, வெள்ளி

இன்று நிறைய எழுதப் போகிறேன். கை வலித்தாலும் பரவாயில்லை.

பதினைந்து வருடம் ஓடிய மோட்டார் சைக்கிளை, வண்டிகளைச் சோதிக்கும் மைதானத்துக்குக் கொண்டுவந்து பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான் என்று அவர் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். எங்கள் பக்கம் அதை எப்.சி. என்பார்கள். மைதானத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் ஒரு பூவரச மரம். அதன் அடியில் நானும் மெக்கானிக் தளவாயும் இருப்போம். என்னிடம் ஒரு பின்சக்கரம் இருக்கிறது. புது டயர். உள்ளே பிரேக் ஷூவும் புதுசு. ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் நூறு சிசி வண்டிக்கு அது பொருந்தும். டயர் தேய்ந்த வண்டி வந்தால் தளவாய் பழைய சக்கரத்தைக் கழற்றி என் சக்கரத்தை மாட்டுவான். வண்டி மைதானத்துக்குள் போகும், பாஸாகும், திரும்பி வரும். நான் வாடகையை வாங்கிக்கொண்டு, என் சக்கரத்தைக் கழற்றிப் பழையதை மாட்டிக் கொடுப்பேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பக்கத்து வீட்டுச் சங்கிலியைப் போட்டு உட்கார வைப்பதில்லையா, அது மாதிரிதான் என்று தளவாய் சொல்வான்.

வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சக்கரம் ரோட்டில் ஒரு மைல்கூட ஓடியதில்லை. மைதானத்துக்குப் போகும், வரும். வாரம் ஒரு நாள் சோப்புப் போட்டுக் கழுவி, டயருக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவேன். பளபளவென்று இருக்கும்.

இன்று ஒரு வண்டி வந்தது. 7038, சுழி. பழைய வண்டி வாங்கி விற்கிற ஆள் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். டேங்கில் மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மயிலுக்குப் பாதி வால் இல்லை. பின்டயரைப் பார்த்துத் தளவாய் சிரித்தான்.

“என்ன அண்ணாச்சி, டயரா இது? பழனிக்குப் போயி முடி எறக்கிட்டு வந்த மாதிரில்லா இருக்கு!”

டயர் அப்படி மொட்டையாக இருந்தது. ஓர் இடத்தில் ரப்பர் போய் உள்ளே நூல் தெரிந்தது. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் ஷூ தேய்ந்து இரும்பு இரும்போடு உரசியிருந்தது. மாற்றிக் கொடுத்தோம். நானும் மைதானத்து வேலி வரைக்கும் போய் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். இன்று வரிசையில் நாற்பது வண்டி. வெயில். ஹாரனை அடித்தார், விளக்கைப் போட்டார், பிரேக்கை மிதித்தார், டயரைக் காலால் ஓர் உதை உதைத்தார்.

“வண்டிக்குப் பதினஞ்சு வயசாச்சி. டயருக்கு மட்டும் வயசே ஆகல போலயே” என்றார்.

“போன வாரந்தான் சார் மாத்துனேன்” என்றார் வியாபாரி.

“இந்த டயர எங்கயோ பாத்த மாதிரி இருக்கு.”

“புது டயரெல்லாம் ஒரே மூஞ்சிதான சார்.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வண்டி மரத்தடிக்கு வந்தது. என் சக்கரம் எனக்கு, மொட்டை டயர் மயிலுக்கு.

இதையெல்லாம் டீச்சர் படிப்பார் என்பது எழுதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். என் வாழ்நாளில் இவ்வளவு எழுதியதில்லை. கிழிக்க மனம் வரவில்லை.

ஜூன் 8, சனி

டீச்சர் முழுவதையும் படித்தார். “நன்று” என்று எழுதினார். பிறகு, “அந்த மயில் வண்டிய யாரு தாத்தா ஓட்டுவாங்க?” என்று கேட்டார்.

“யாராவது வாங்கி ஓட்டுவாவ டீச்சர்” என்றேன்.

அவர் அடுத்த ஆளின் நோட்டை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 10, திங்கள்

1176, சுழி. 3345, சுழி. மேற்கே மேகம் இறங்கியிருக்கிறது. சாரல் தொடங்கும்.

ஜூன் 11, செவ்வாய்

மகள் செண்பகம் போன் செய்தாள். தென்காசிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். பீடி சுற்றுகிறாள். மருமகன் சந்தனகுமாருக்கு மர அறுவை மில்லில் வேலை. பஸ்ஸை விட்டால் அரைநாள் சம்பளம் போகிறது என்று பழைய வண்டி ஒன்று பார்க்கிறார்களாம்.

“எப்பா, நீ ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லேன். ஒனக்குத் தெரியாததா?”

முழங்கால் வலி, இந்த வாரம் வர முடியாது என்றேன். எப்.சி. புதுசாகப் போட்ட வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், பயமில்லை என்றேன்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

ஜூன் 13, வியாழன்

6620, சுழி. துவையல் அரைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

ஜூன் 15, சனி

டீச்சர் ஊருக்குப் போயிருக்கிறார். வகுப்பு இல்லை. மருந்துக்கடைப் பலகையை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம், படித்தேன் என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

வண்டி வாங்கிவிட்டார்கள். செண்பகத்துக்குப் பெரிய சந்தோஷம். மருமகன் போனை வாங்கி, “நீங்க சொன்னபடியே எப்.சி. போட்ட வண்டிதான் மாமா. பேப்பர்ல சீல் கூட இன்னும் காயல” என்றார்.

நம்பர் கேட்டேன். எழுதிக்கொள்ளத்தான் கேட்டேன். 7038.

கடைசி நான்கு எண் பல வண்டிக்கு ஒரே மாதிரி வரும். முன்னால் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து வேறாக இருக்கும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது.

பேத்தி மதியும் பேசினாள். நான்கு வயது. வண்டியைப் பற்றி ஒன்று சொன்னாள். அதை நான் எழுதவில்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். மைதானம் பூட்டியிருக்கிறது. சக்கரத்தைக் கழுவினேன். எண்ணெய் தடவவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்று மட்டும் சக்கரம் மூன்று வண்டிக்குப் போனது. 4102, 7759, 2087. மூன்றுக்கும் சுழி. தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது. முன்பெல்லாம் இந்தச் சக்கரம் இவ்வளவு கனம் இல்லை.

தளவாயிடம் கேட்டேன். “ஏ தளவாயி, நாம மாத்தி விடுத வண்டியெல்லாம் எங்க வே போவும்?”

“ரோட்டுக்குத்தான் போவும். பின்ன கோயிலுக்கா போவும்?”

“மொட்ட டயரு மழையில நிக்குமா?”

“காஞ்ச ரோட்டுல நிக்கும். மழையில அவனவன் தலையெழுத்து.” என் பக்கம் திரும்பிப் பார்த்தான். “என்ன அண்ணாச்சி, பள்ளிக்கூடம் போனதுல இருந்து கேள்வியா கேக்கிய?”

ஜூன் 19, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. சாயங்காலம் மருமகனுக்கு நானே போன் செய்தேன்.

“மாப்ள, பின்டயரு எப்பிடி இருக்கு?”

“தேஞ்சாப்லதான் இருக்கு மாமா. பிரேக்கும் கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கி. எனக்கும் ஒரு யோசன வந்துச்சு. அப்புறம் நெனச்சேன், அவ்வளவு பெரிய அதிகாரி பாத்து பாஸ் போட்டிருக்காரு, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஞாயித்துக்கெழம குத்தாலம் போறோம் மாமா. பாப்பா அருவி பாக்கணும்னு ஒரே அழுக. மூணு பேரும் வண்டியிலதான்.”

“பாத்து மெதுவாப் போங்க” என்றேன். வேறு ஒன்று சொல்லத்தான் போன் செய்தேன். வாய்க்கு வரவில்லை. போனை வைத்த பிறகு வந்தது. அப்போது யாரிடம் சொல்வது?

ஜூன் 20, வியாழன்

சாரல்.

ஜூன் 21, வெள்ளி

சாரல் நிற்கவில்லை. ரோடெல்லாம் ஈரம். 6093, 1518. இரண்டும் சுழி.

ஜூன் 22, சனி

டீச்சர் நோட்டைப் பார்த்தார். ஏழாம் தேதியில் 7038ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். பக்கங்களைப் புரட்டிப் பதினாறாம் தேதியிலும் ஒரு வட்டம் போட்டார். இரண்டுக்கும் நடுவில் விரல் வைத்து நோட்டை என் பக்கம் திருப்பினார்.

“நாலு எண்ணு ஒண்ணாப் பல வண்டிக்கு வரும் டீச்சர்” என்றேன்.

“வரும் தாத்தா. ஒங்க பேத்தி வண்டியப் பத்தி ஒண்ணு சொன்னதா எழுதியிருக்கீங்க. என்ன சொன்னா?”

வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலேட்டுக் குச்சி கீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“‘தாத்தா, எங்க வண்டியில மயிலு இருக்கு, ஆனா வாலு பாதிதான் இருக்கு’ன்னு சொன்னா” என்றேன்.

டீச்சர் பேனாவை மூடினார். “நாளைக்குத்தான தாத்தா ஞாயித்துக்கெழம?”

“ஆமா.”

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்து போன் செய்தேன். மருமகன் எடுக்கவில்லை. செண்பகத்தின் போனில் காசு தீர்ந்திருக்கிறது போல, மணியே போகவில்லை. இதைப் போனில் சொல்வதும் சரியில்லை. சக்கரத்தில் சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். முதல் பஸ் ஐந்தே காலுக்கு.

ஜூன் 23, ஞாயிறு

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

“பெருசு, சக்கரத்துக்குத் தனி டிக்கெட்டு” என்றார் கண்டக்டர்.

“எடுக்கேன்.”

“வண்டிய எங்க விட்டிய? சக்கரம் மட்டும் பஸ்ஸுல வருது!”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வழியெல்லாம் தூறல். எதிரே மோட்டார் சைக்கிள் வரும்போதெல்லாம் நம்பரைப் படித்தேன். ஒருத்தர் முன்னால் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனார். அது வேறு நம்பர். இருந்தாலும் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் திரும்பிப் பார்த்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி வாசலில் நின்றது. மதி மழைக்குத் தலையில் பாலிதீன் பை கட்டிக்கொண்டு டேங்கின் மேல் மயிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மருமகன் வண்டியை உதைத்துக் கிளப்பப் போனார். செண்பகம் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன மாமா, வீலோட வந்திருக்கிய?”

“மாப்ள, வண்டிய எடுக்காதிய. பாப்பாவ எறக்குங்க.”

முதலில் மதியை இறக்கச் சொன்னேன். அவள் இறங்கிய பிறகுதான் எனக்குப் பேச வந்தது. நின்றபடியே சொன்னேன். இந்த வண்டி மைதானத்தில் பாஸானது என் சக்கரத்தில்தான். இன்ஸ்பெக்டர் உதைத்துப் பார்த்தது இந்த டயரை, அந்த டயரை இல்லை. கழற்றியதும் என் கைதான். திரும்ப மொட்டையை மாட்டியதும் என் கைதான். ஒரு வாரமாக எனக்குத் தெரியும்.

மருமகன் குனிந்து பின்டயரைத் தடவினார். நூல் தெரிந்த இடத்தில் அவர் விரல் நின்றது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செண்பகம்தான் பேசினாள். “எப்பா, எப்.சி. போட்ட வண்டியாப் பாத்து வாங்குன்னு நீதான சொன்ன?”

“ஆமா.”

“நீயே சொல்லலாமா?”

நான் ஸ்பேனரை எடுத்தேன். தளவாய் இல்லாமல் தனியாக மாற்றி ரொம்ப நாள் ஆகிறது. சங்கிலியை இறக்கி, அச்சை உருவி, பழையதைக் கழற்றினேன். பிரேக் ஷூவைப் பார்த்துவிட்டு மருமகன் எழுந்து உள்ளே போய்விட்டார். என் சக்கரத்தை மாட்டி முடுக்கினேன். பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன். ஓட்டிப் பாருங்கள் மாப்ள என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். அவர் வெளியே வந்து தெருமுனை வரைக்கும் போனார். ஈர ரோட்டில் பிரேக் போட்டார். வண்டி நின்றது. மூன்று வருடத்தில் அந்தச் சக்கரம் முதல் தடவையாகத் தெருவைப் பார்த்தது.

அவர்கள் குற்றாலம் போகவில்லை. மதி அழுதாள். செண்பகம் எனக்குக் காப்பி போட்டுத் தந்தாள். கையில் தரவில்லை, பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன். புறப்படும்போது மருமகன் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார். வண்டியில் வரவில்லை, நடந்து வந்தார்.

மொட்டை டயரைச் சாக்கில் சுற்றி நான் எடுத்துவந்தேன். கண்டக்டர் வேறு ஆள். அதற்கும் டிக்கெட் கேட்டார்.

ஜூன் 24, திங்கள்

“வீல எங்க?” என்றான் தளவாய்.

“மகளுக்குக் குடுத்துட்டேன்.”

விவரம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “இத்தன வருசம் எழுத்து தெரியாம நல்லாத்தான இருந்திய அண்ணாச்சி? ரெண்டு மாசம் வகுப்புக்குப் போனிய, பொழப்பே போச்சி!” பிறகு, “பாப்பா நல்லா இருக்குல்லா?” என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றேன். “சரி விடுங்க. எனக்குத் தெரிஞ்ச எடத்துல இன்னொரு வீல் இருக்கு, பேசி வாங்கிக்கிடலாம்.”

வேண்டாம் என்றேன். அவனுக்குக் கோபம். அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நோட்டை முதலிலிருந்து படித்தேன். சுழி போட்டது பன்னிரண்டு. 7038 போனால் பதினொன்று. நோட்டு வருவதற்கு முன்னால் மூன்று வருடம் போனவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. அவற்றுக்கு என்னிடம் நம்பர் இல்லை. எழுத்து தெரியாதபோது எல்லா வண்டியும் ஒரே வண்டிதான்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் இருந்து பெட்ரோல் பங்க் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஊரில் எந்த வண்டியானாலும் அங்கே வந்துதான் தீர வேண்டும். நோட்டு மடியில். நம்பர் படிப்பதில் இப்போது வேகம் வந்துவிட்டது. மத்தியானம் வரைக்கும் ஒன்றும் இல்லை. கண் பூத்துப்போனது. பங்க் ஆள் வந்து, யாருக்காகக் காத்திருக்கீங்க என்றார். பதினொரு பேருக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 26, புதன்

இன்றும் இல்லை. வகுப்புக்குப் போனேன். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் படித்தார். அன்றைக்கு எழுதியதில் இரண்டு பிழை இருக்கிறது என்றார். திருத்தவில்லை.

ஜூன் 28, வெள்ளி

தூறல். பத்தரை மணி இருக்கும். இரண்டு பக்கமும் தேங்காய் மூட்டை கட்டிக்கொண்டு ஒரு வண்டி பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வந்தது. 2. அடுத்ததும் 2. பிறகு 9. பிறகு 1.

எழுந்து ரோட்டுக்கு ஓடினேன். ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றேன். அவர் பிரேக் போட்டார். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்து என் வேட்டியைத் தொட்டு நின்றது.

“யோவ் பெருசு! சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?”

“தம்பி, இந்த வண்டிய ஓட்டாதிய. பின்டயரும் பிரேக்கும் சரியில்ல. மாத்திட்டு ஓட்டுங்க.”

“ஒனக்கு என்ன தெரியும்? இந்த மாசந்தான் எப்.சி. பாஸாயிருக்கு, தெரியுமா?”

“தெரியும் தம்பி,” என்றேன். “அதனாலதான் நிறுத்துனேன்.”

காட்டுவதற்காகச் சக்கரத்தின் பக்கத்தில் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்தேன். டயரைக் காட்டினேன். நான் யார் என்பதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் திட்டினார். அவ்வளவும் கேட்டுக்கொண்டேன். பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை. திட்டிக்கொண்டே அவர்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். வண்டியைக் கிளப்பாமல் மூட்டையோடு தள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் பின்னாலிருந்து நானும் தள்ளிக் கொடுத்தேன்.

2291க்கு எதிரே இருந்த சுழியை அடித்துவிட்டேன். இன்னும் பத்து. நாளைக்குச் சந்தைப் பக்கம் போக வேண்டும்.